இறால் நேர்ச்சை

டாக்குரியா, கொல்கத்தா
19.8.2024

அன்புள்ள மதினிக்கு,

தேவி எழுதுகிறேன். உங்களுக்கும் அண்ணனுக்கும் குட்டி பிரியங்காவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே அப்பாவுக்கு முட்டிவலி, அம்மாவுக்கு வாய் மட்டும் வலிக்கவே மாட்டேன் என்கிறது. மற்றபடி சௌக்கியம்.

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று சிரிப்பீர்கள். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்கள் போனை முதலில் எடுத்துப் பார்ப்பது அண்ணன்தான். தபால் ஆபீஸில் வேலை பார்க்கிற உங்களுக்குத் தபாலில் எழுதினால் நடுவில் ஆள் கிடையாது பாருங்கள். பதிலை நான் வேலை பார்க்கிற பேங்க் முகவரிக்கே போடுங்கள்.

ஆவணி பிறந்த கையோடு நேற்று பெண் பார்க்க வந்தார்கள். அலிப்பூர் குடும்பம். கொள்ளுத்தாத்தா காலத்திலேயே இங்கே வந்தவர்கள், நம்ம ஆட்கள்தான். பையன் ரஞ்சன், ஆடிட்டர். அப்பா அனந்தகிருஷ்ணன், அம்மா ராஜலக்ஷ்மி, தங்கை ஸ்மிதா. நாலு பேரும் தமிழில் ஆரம்பித்துப் பெங்காலியில் முடிக்கிறார்கள். வெறுங்கையோடு வரக்கூடாது என்று சந்தேஷ் இனிப்பும், கரியாஹாட்டில் சூடாகப் பொரித்த இறால் கட்லெட்டும் வாங்கி வந்திருந்தார்கள்.

உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்கு இறாலும் நண்டும் ஆகாது. ஒரு துண்டு போதும், தொண்டை அடைத்துவிடும். தொடையில் போடும் ஊசியைப் பையில் வைத்துக்கொண்டுதான் வெளியே கால் வைக்கிறேன். ராஜலக்ஷ்மி அம்மா ஒரு கட்லெட்டைப் பிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் பின்னால் சாய்ந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அவ திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்திருக்கா. கல்யாணம் முடியிறவரைக்கும் இறால் தொடமாட்டா."

ராஜலக்ஷ்மி அம்மா கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஓ மா! இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!" என்றார். அந்த இடத்திலேயே சம்பந்தம் முடிந்த மாதிரிதான்.

அவர்கள் போனதும் நான் கத்தினேன். அம்மா அசரவில்லை. "அசன்சோல்காரங்ககிட்ட உண்மையைச் சொன்னோமே, என்னாச்சு? நாளைக்குப் பொறக்குற பிள்ளைக்கும் வந்தா என்ன செய்யன்னு காப்பியைக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போகலியா? பேசாம இரு" என்றாள்.

மதினி, சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு ரஞ்சனைப் பிடித்துவிட்டது. அதனால்தான் அம்மாவோடு அதற்கு மேல் சண்டை போடவில்லை. நான் என்ன செய்யட்டும்?

பிரியங்காவுக்கு என் முத்தம்.
தேவிப்ரியா


தூத்துக்குடி
28.8.2024

அன்பு தேவிக்கு,

மதினி எழுதுவது. நாங்கள் இங்கே கடல்காற்றும் உப்பு வியர்வையுமாக நன்றாகத்தான் இருக்கிறோம். உன் அண்ணனுக்குத் துறைமுகத்தில் ஷிப்டு மாறிவிட்டது, அதனால் வீட்டில் கொஞ்சம் அமைதி. மாமாவின் முட்டிக்குத் தைலம் அனுப்புகிறேன். அத்தையின் வாய்க்கு என்னிடம் தைலம் இல்லை.

ஏளா, அந்த வாய்தான் இப்போது வம்பை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது! நேர்ச்சை என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. முடிகிற அன்றைக்கு இலையில் பரிமாறுவார்கள். தாலி ஏறின கையோடு உன் வாயில் இறாலை வைக்க ஆள் நிற்குமே, அத்தைக்கு அது தோன்றவில்லையா? நோய் என்று சொல்லியிருந்தால் பயந்துகொண்டு ஒதுங்கியிருப்பார்கள். நேர்ச்சை என்று சொன்னதால் என்றைக்கு முடியும் என்று காத்திருக்கப் போகிறார்கள். பொய் சொன்ன வாய்க்குப் பொரிகூடக் கிடைக்காது என்பார்கள். இங்கே பொய் சொன்னது ஒரு வாய், சாப்பிடப் போவது உன் வாய்.

ரஞ்சனைப் பிடித்திருக்கிறது என்று எழுதியதற்கு இரண்டு தடவை வாசித்துச் சந்தோஷப்பட்டேன். பிடித்திருந்தால் சொல்லிவிடு. கட்டப் போகிறவனிடம் சொல்ல முடியாததை வேறு யாரிடம் சொல்லப் போகிறாய்?

உடம்பைப் பார்த்துக்கொள். ஊசிக்குத் தேதி முடிந்துவிடவில்லையே, பார்.
உன் மதினி
சுலோசனா


டாக்குரியா
15.9.2024

அன்பு மதினி,

தைலம் வந்தது. அப்பா இரண்டு முட்டிக்கும் தடவிக்கொண்டு வீடு முழுக்க மணக்க வைத்திருக்கிறார். அங்கே எல்லோரும் சுகம்தானே? ஊசிக்கு அடுத்த வருஷம்வரை தேதி இருக்கிறது.

நிச்சயம் முடிந்தது. தையில் கல்யாணம். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுவது என்றுதான் போனேன். போன இடம் ஸ்மிதாவின் கடை. அவள் பெங்களூரில் ஒரு ஓட்டலில் சுஷி செய்யப் படித்துவிட்டு வந்து, கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின் சந்தில் ஒரு மாடியில் கடை போட்டிருக்கிறாள். நான் சுஷி என்றால் பச்சை மீன் என்றுதான் நினைத்திருந்தேன். அது மட்டும் இல்லையாம். வினிகரும் சர்க்கரையும் சேர்த்த சோற்றைக் கையால் பிடித்து, மேலே ஒரு மீன் துண்டு வைக்கிறார்கள். இல்லாவிட்டால் கருப்பான கடல்பாசித் தாளில் சோற்றைப் பாய் மாதிரி சுருட்டி வெட்டுகிறார்கள். நம்ம ஊர்க்காரி ஒருத்தி அதைச் செய்கிற வேகத்தைப் பார்க்கவே அத்தனை ஆசையாக இருந்தது.

நான் வம்பே வேண்டாம் என்று வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டியதைக் கேட்டேன். வெள்ளரிக்காயில் என்ன வந்துவிடப் போகிறது? இரண்டாவது துண்டு உள்ளே போனதும் உதடு அரிக்க ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தால், அதே பலகையில் அதே கத்தியால் ஸ்மிதா நண்டுக் குச்சி வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

ரஞ்சன் முகத்தைப் பார்த்தேன். "பல்வலி" என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்விட்டேன். மாத்திரையை விழுங்கி, ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு, தொண்டை அடைக்கிறதா அடைக்கிறதா என்று எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்லவேளை, உதட்டோடு நின்றுவிட்டது. வெளியே வந்தால் ரஞ்சனைக் காணோம். மூச்சிரைக்க மாடியேறி வருகிறார், கையில் ஒரு பொட்டலம் கிராம்பு. பல்வலிக்குக் கேட்குமாம். மார்க்கெட் வரைக்கும் ஓடிப்போய் வாங்கி வந்திருக்கிறார். பொய்ப் பல்வலிக்கு நிஜக் கிராம்பை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

சொல்லவில்லை மதினி. சொல்ல வரவில்லை.

தேவி


தூத்துக்குடி
24.9.2024

தேவிக்கு,

எல்லோரும் நலம். நீ நலமாக இருக்கிறாயா என்பதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், ஆனால் கோபம் முந்திக்கொண்டு வருகிறது. பக்கத்தில் ஒரு ஜீவனிடமும் சொல்லாமல், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, மூச்சு நிற்கிறதா என்று நீயே பார்த்துக்கொண்டு நின்றாயா? உள்ளே மயங்கி விழுந்திருந்தால் வெளியே ஒருத்தர் கிராம்பை வைத்துக்கொண்டு காத்திருப்பார், அப்படித்தானே? வெட்கம் பெரிதா, உயிர் பெரிதா? உன்னை அடிக்கக் கை நீளமில்லையே என்றிருக்கிறது.

சரி, திட்டியாகிவிட்டது. அந்தப் பையன் ஓடின ஓட்டத்தை நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது. நல்லவனாகத்தான் தெரிகிறான். உண்மைக்குத் தகுந்தவனா என்று நீ சொன்னால்தானே தெரியும்?

இன்னொன்று கேட்கிறேன். உனக்கு முதன்முதலில் இது வந்தபோது என்ன வயசு? முதலில் அரிப்பா, வாந்தியா? உடனேயா, கொஞ்ச நேரம் கழித்தா? சும்மாதான் கேட்கிறேன். பிரியங்காவுக்குப் போன வாரம் உடம்பெல்லாம் தடிப்பு வந்தது. வெயில் சூடு என்று உன் அண்ணன் சொல்கிறார், இளநீர் கொடுத்தோம்.

பதில் போடு.
மதினி


டாக்குரியா
16.10.2024

அன்பு மதினி,

பூஜை வாழ்த்துகள். பிரியங்காவுக்குத் தடிப்பு இறங்கிவிட்டதா? நீங்கள் கேட்டதற்குப் பதில்: எனக்கு அப்போது ஆறு வயசு. முதலில் உதடு அரித்தது, பிறகு முகம் வீங்கியது, வாந்தி, அப்புறம் மூச்சு. சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே. குழந்தையை எதற்கும் ஒரு அலர்ஜி டாக்டரிடம் காட்டுங்கள், வெயில் என்று விட்டுவிடாதீர்கள்.

இங்கே என் கதை முற்றிவிட்டது. பூஜை நாளெல்லாம் ராஜலக்ஷ்மி அம்மா என்னைப் பந்தல் பந்தலாக அழைத்துப்போய், எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் "நேர்ச்சை எடுத்த பொண்ணு" என்று அறிமுகம் செய்தார். என்னை விழுந்து கும்பிடாததுதான் பாக்கி. தெருவெல்லாம் இறால் பொரிக்கிற வாசனை. நான் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்தேன். அதையும் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்!

இங்கே பெங்காலிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் உறவுக்காரர்கள் பெண்ணைக் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். கன்னியாகச் சாப்பிடுகிற கடைசிச் சோறு. ஐபுரோபாத் என்பார்கள். முறைப்படி பெண் வீட்டு உறவுகள்தான் வைக்க வேண்டும். ஸ்மிதா கேட்கிறாளா? "என் பௌதிக்கு என் கடையிலதான், முழுக்க சுஷி" என்று குதிக்கிறாள். பௌதி என்றால் நம்ம மதினிதான். பொங்கல் கழிந்த திங்கட்கிழமை என்று நாளும் குறித்துவிட்டாள்.

கேளுங்கள் இதை. அன்று காலையில் ராஜலக்ஷ்மி அம்மா என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போய், அர்ச்சனை செய்து, நேர்ச்சையை முடித்து வைக்கப் போகிறாராம். "கல்யாணம்வரைக்கும்னு வேண்டியிருந்தா என்ன, நிச்சயமானாலே பாதி கல்யாணம்தான்னு குருக்களே சொல்லிட்டார்மா. இத்தனை நாள் வாயைக் கட்டின பொண்ணுக்கு முதல் இறாலை என் கையால ஊட்டணும்" என்றார். அந்த முகத்தில் எத்தனை பிரியம் தெரியுமா? நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் போய் நின்றேன். "வாயில வாங்கிட்டு யாரும் பாக்காம கைக்குட்டையில துப்பிரு" என்கிறாள். பெற்ற அம்மா சொல்கிறாள் மதினி! அவளுக்கும் பயம்தான், எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இந்த இடமும் தட்டிப்போனால் என்னைக் கரையேற்ற முடியாது என்று நினைக்கிறாள்.

ஏதாவது சொல்லுங்கள்.
தேவி


டாக்குரியா
11.11.2024

அன்பு மதினி,

நலம்தானே? தீபாவளிக்குப் போனில் நீங்கள் பேசியது நாலு வார்த்தை. கடிதத்துக்கும் பதில் இல்லை. தினமும் தபால் வருகிற நேரத்தில் ஜன்னலைப் பார்க்கிறேன் என்று பேங்கில் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். என் மேல் கோபமா? இருந்தால் திட்டியாவது எழுதுங்கள். உங்கள் திட்டு இல்லாமல் எனக்குத் தைரியம் வரமாட்டேன் என்கிறது.

தேவி


தூத்துக்குடி
21.11.2024

என் தேவிக்கு,

இப்போது எல்லோரும் நலம். இந்த "இப்போது" என்ற வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

உன் பதில் வந்த மறுநாளே பிரியங்காவை டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும். லீவு கிடைக்கட்டும் என்று தள்ளிப் போட்டேன். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், மத்தியானம், பக்கத்து வீட்டில் குழந்தைக்குக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கொடுத்திருக்கிறார்கள். பாதிதான் தின்றாள். முகம் வீங்கி, வாந்தி எடுத்து, குரல் கம்மி, நீ எழுதியது அப்படியே என் கண் முன்னால் நடந்தது. உன் கடிதத்தைப் படித்திருந்ததால்தான் வெயில் சூடு என்று நினைத்து இளநீர் வெட்டிக்கொண்டிருக்காமல் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். போனதும் ஊசி போட்டார்கள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடலை என்று டெஸ்டில் உறுதியாகிவிட்டது. இப்போது மிட்டாயைக் கொடுக்க மாட்டாயா என்று என்னோடு சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் உன் அண்ணன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "பொம்பளப் பிள்ள, வெளியில சொல்லாத. எங்க அம்மாகிட்டகூட இப்ப சொல்ல வேண்டாம்." அவர் கெட்டவர் இல்லை. பிள்ளையைத் தோளை விட்டு இறக்கவே இல்லை. ஆனால் அந்த வாயிலிருந்து அத்தையின் குரல்தான் வந்தது. நானும் சரி என்று தலையாட்டினேன். அதனால்தான் போனில் நாலு வார்த்தையோடு வைத்தேன்.

தேவி, அவளுக்கு நாலு வயசுதான். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம். ஒவ்வொருத்தர் நீட்டுகிறதையும் "வேண்டாம், எனக்கு ஆகாது" என்று சொல்லிப் பிழைக்க வேண்டிய பிள்ளை. இந்தக் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் இந்த வழியில் நடக்கிறவள் நீ ஒருத்திதான். நீ துப்பினால் இவளுக்கும் துப்பத்தான் சொல்லித் தருவார்கள்.

ஆகையால் இனிமேல் புத்திமதி இல்லை, கெஞ்சுகிறேன். சொல்லிவிடு. உனக்காக முடியாவிட்டால் என் பிள்ளைக்காகச் சொல்லிவிடு. கல்யாணம் நின்றால் நிற்கட்டும், இங்கே வா, என்னோடு இரு.

அத்தையிடம் பிரியங்கா விஷயத்தை நீ சொல்லாதே. அதை நான் சொல்ல வேண்டும்.

உன் மதினி
சுலோசனா


டாக்குரியா
9.12.2024

என் மதினிக்கு,

குட்டியை ஆயிரம் தடவை முத்தமிடுங்கள். உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். டப்பாவைத் திறக்கவே இல்லை. அன்று சாயங்காலமே ரஞ்சனை லேக் பக்கம் வரச் சொன்னேன்.

சொல்லிவிட்டேன். இறால், நண்டு, ஊசி, அசன்சோல்காரர்கள், அம்மாவின் நேர்ச்சை எல்லாம். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குப் பல்வலி?" என்றார்.

"பல்வலி இல்ல."

எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கையை நீட்டினார். "அந்த ஊசி எங்க? எப்படிப் போடணும்னு காட்டு. நீ மயங்கிட்டா நான்தானே போடணும்?" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து என் துப்பட்டாவை மடித்து அதில் குத்திக் காட்டுவது மாதிரி நாலு தடவை பழகினார், மூடியைக் கழற்றாமல்தான். மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது, மூச்சு சிரமம் என்றால் உடனே ஊசி, அப்புறம் ஆஸ்பத்திரி என்று டாக்டர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வைத்தேன். போகிறவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் ஸ்மிதாவிடம் போனோம். அவள் கத்தின கத்தலில் சந்தே திரும்பிப் பார்த்தது. "நான் வெட்டின ரோல் அது! என் கத்தி! உனக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் அப்புறம் கத்தியைத் தொடுவேனா? ஏன் சொல்லல? நாங்க என்ன அவ்வளவு மோசமா?" என்று அழுதுவிட்டாள். அழுது முடித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்துக் காட்டினாள். நண்டுக் குச்சி பெரும்பாலும் மீன் விழுதுதானாம், ஆனால் வாசனைக்கு நண்டுச் சாறு சேர்ப்பார்களாம். இறால் பொரித்த எண்ணெயில்தான் கத்தரிக்காயும் பொரிகிறது. சூப்பில் சில சமயம் காய்ந்த இறால் கிடக்கும். மீன் மட்டும் சாப்பிட எனக்குத் தடையில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"சாதாரண நாள்ல என் கடையில உனக்குச் சோறு போடமாட்டேன் பௌதி. எத்தனை கழுவினாலும் என்னால சத்தியம் பண்ண முடியாது. திங்கக்கிழமை கடை லீவு. முதல் நாளே எல்லாத்தையும் கழுவி, புதுப் பலகை, புதுக் கத்தி வெச்சு, அன்னிக்கு இறால் நண்டு எதுவும் உள்ளயே வராம பண்றேன். அப்பதான் நீ சாப்பிடலாம்" என்றாள். இதைவிட நல்ல வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை மதினி.

கடைசியாக ராஜலக்ஷ்மி அம்மா. அலிப்பூர் வீட்டுக்குப் போய், நின்றுகொண்டே சொன்னேன். நோய் என்பதுவரை கேட்டுக்கொண்டிருந்தார். நேர்ச்சை பொய் என்றதும் முகம் மாறிவிட்டது. எழுந்து பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் கிளம்பும்வரை திறக்கவில்லை. அனந்தகிருஷ்ணன் மாமா மட்டும் டீயைக் கையில் கொடுத்தார்.

அதற்கப்புறம் அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. ரஞ்சன் தினமும் பேசுகிறார், ஆனால் அம்மாவைப் பற்றிக் கேட்டால் "டைம் குடு" என்கிறார். எங்கள் அம்மா என்னிடம் பேசுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனாலும் சாப்பாடு உள்ளே இறங்குகிறது.

தேவி


தூத்துக்குடி
18.12.2024

என் தங்கமே,

நாங்கள் நலம், பிரியங்கா அதிநலம். உன் கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன், முதல் தடவையாக. படித்துவிட்டு எழுந்து போனார். வரும்போது குழந்தையின் பைக்கு ஒரு பெரிய துணிப் பட்டை வாங்கி வந்து, அதில் "கடலை ஆகாது" என்று அவரே எழுதித் தைக்கக் கொடுத்தார். எழுத்து கோணல்மாணல்தான். அப்படியே தைத்துவிட்டேன்.

அலிப்பூர் அம்மாவின் கதவு திறக்கும்வரை பொறு. திறக்காவிட்டால் என்னிடம் வர நான் சொன்னது சொன்னதுதான். வேளைக்குச் சாப்பிடு.

மதினி


டாக்குரியா
21.1.2025

அன்பு மதினிக்கு,

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? நான் உயிரோடு, வயிறு நிறைய, சந்தோஷமாக இருக்கிறேன். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

பொங்கலுக்கு முந்தின வாரம் ராஜலக்ஷ்மி அம்மா தனியாக நம் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. அம்மா வெலவெலத்துப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"சம்பந்தி, உங்க பொண்ணு நோய்க்காக நான் கோவிச்சுக்கல. எனக்கும் ஷுகர் இருக்கு, அவருக்கு பிரஷர் இருக்கு, நோய் இல்லாத வீடு எங்க இருக்கு? ஆனா நீங்க முருகன் பேரைச் சொன்னீங்க. நான் நம்பினேன். நான் அவளைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய், சாமி முன்னால நிறுத்தி, அப்புறம் என் கையால விஷத்தை ஊட்டியிருப்பேன். ஆசையா ஊட்டியிருப்பேன். அந்தப் பாவத்தை எனக்கு ஏன் குடுக்கப் பாத்தீங்க?"

அம்மா தரையிலேயே உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "பயம், சம்பந்தி. வேற ஒண்ணும் இல்ல. எம்பொண்ணை யாரும் வேண்டாம்னு சொல்லிருவாங்களோங்கற பயம்" என்றாள். அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ராஜலக்ஷ்மி அம்மாவும் தரையில் உட்கார்ந்தார்.

"சாமி பேரைச் சொல்லி நேர்ந்தாச்சு. அதைச் சும்மா விடக்கூடாது, யாராவது செஞ்சாகணும். உங்க பங்கு கல்யாணம் வரைக்கும். அதுக்கப்புறம் என் பங்கு. இனிமே எங்க வீட்டு அடுப்புல இறால் ஏறாது. இது என் நேர்ச்சை" என்றார்.

தேங்காய்ப்பால் விட்டு இறால் சமைப்பதில் அவர் கைப்பக்குவம் அலிப்பூர் முழுக்கப் பிரசித்தம் மதினி! அனந்தகிருஷ்ணன் மாமா முகம் போன போக்கை ரஞ்சன் நடித்துக் காட்டினார். மாமா வெளியே சாப்பிட்டுக்கொள்ளலாமாம், ஆனால் கைவாய் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வரவேண்டும் என்று உத்தரவு.

நேற்றுதான் விருந்து. ஸ்மிதா சொன்னபடியே செய்திருந்தாள். கடையே சோப்பு மணத்தது. பலகையில் வெள்ளரிக்காய், கேரட், பட்டர் ஃப்ரூட், சால்மன் மீன், முட்டை. நடுவில் எங்கள் அம்மா எழுந்து நேரே ஸ்மிதாவிடம் போனாள். அவளுடைய அந்த உடைந்த பெங்காலியில், "இந்தக் கத்தி எது? இந்த எண்ணெயில் முன்னால் என்ன பொரிச்சே? சோயா சாஸ் பாட்டிலில் என்ன எழுதியிருக்கு, வாசி" என்று போலீஸ்காரி மாதிரி கேட்டாள். ஸ்மிதா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கேட்டு முடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அம்மா சொன்னாள்: "எங்க பொண்ணுக்கு இறாலும் நண்டும் ஆகாது. உயிருக்கே ஆபத்து. அதான் கேக்கேன், தப்பா நெனச்சுக்காதீங்க."

எனக்கு நினைவு தெரிந்து அவள் இதை வெளியாட்கள் முன்னால் சொன்னது இதுதான் முதல் தடவை. ராஜலக்ஷ்மி அம்மா சால்மன் சுஷி ஒன்றை எடுத்து எனக்கு ஊட்டினார். சோறு இளஞ்சூடாக, மீன் வெண்ணெய் மாதிரி இருந்தது. நான் எச்சிலை விழுங்கிப் பார்க்கவில்லை மதினி. அடுத்தது கொடுங்கள் என்று வாயைத் திறந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள்.
தேவி


தூத்துக்குடி
29.1.2025

கல்யாணப் பெண்ணுக்கு,

உன் கடிதமும் அத்தையின் போனும் ஒரே நாளில் வந்தன. நான் கவுண்டரில் இருந்தேன். அத்தை ஒவ்வொரு உறவுக்காரர் வீட்டுக்கும் போன் போட்டுக்கொண்டிருக்கிறாராம். "கல்யாணச் சமையல்காரர்கிட்ட இப்பவே சொல்லணும் சுலோச்சு. நம்ம ஆட்கள்ல வேற யாருக்காவது எதுவும் ஆகாம இருக்கா?" என்று கேட்டார்.

எதிரே வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். நான் அப்படியே திரும்பி உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடலை மிட்டாய், ஆஸ்பத்திரி, ஊசி.  

"கடலையா? சரி. கல்யாணத்துல கடலையும் வராது, கடலை எண்ணெயும் வராது" என்றார் அத்தை. அப்புறம் குரல் உடைந்துவிட்டது. "எம் பேத்திக்கு இப்படின்னு என்கிட்டச் சொல்ல உனக்கு இத்தனை நாளாச்சாம்மா? நான் அப்படி ஒரு ஆளாவா இருந்தேன்?" என்றார். நான் வரிசையில் நின்றவர்களுக்கு முன்னாலேயே அழுதேன். ஒரு பெரியவர் ஸ்டாம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டிக்கெட் போட்டாயிற்று. உன் அண்ணன் பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஊசியை எடுத்து வைத்துவிட்டார். பிரியங்காவுக்கு "எனக்குக் கடலை ஆகாது" என்று சொல்லப் பழக்கினோம். அதுதான் இப்போது வீட்டில் பாட்டு. போஸ்ட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டாள், மீன்காரியிடம் சொல்லிவிட்டாள், கடலையே விற்காத துணிக்கடையில்கூடச் சொல்லிவிட்டாள். இனி ஹௌராவில் இறங்கி உன் மாமியார் வீடுவரை, பார்க்கிறவர்களிடமெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் வருவாள்.

சொல்லட்டும்.

உன் மதினி
சுலோசனா